மருத்துவமனை இரவு ஷிப்டு: புதிதாகச் சேரும் பராமரிப்பு உதவியாளர் தாங்குவாரா?

மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த மகளுக்குப் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் நோயாளிப் பராமரிப்பு உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது, இரவு ஷிப்டைத் தாங்குவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்குவாள். ஆனால் வீட்டிலுள்ளவர்களும் கொஞ்சம் மாற வேண்டும்.

இரவில் வார்டு அடங்கும், வேலை அடங்காது. படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். இதைத் தனியாகச் செய்ய வேண்டாமென்று இப்போதே சொல்லி வையுங்கள். அடியில் விரித்த துணியை இருபுறமும் இருவர் பிடித்து நகர்த்தினால்தான் நோயாளியின் தோல் உரசாது, உங்கள் மகளின் முதுகும் பிழைக்கும். மருந்து கொடுப்பது தாதியரின் பொறுப்பு. யார் அவசரப்படுத்தினாலும் அவள் அதில் கைவைக்கக் கூடாது.

விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் உடல் வெப்பம் இறங்கும், கண் சொருகும். அப்போது குடிக்கும் கோப்பி பகல் தூக்கத்தைக் கெடுக்கும். நள்ளிரவோடு நிறுத்துவது நல்லது.

எனக்கு உண்மையான கவலை வீடு திரும்பும் வழிதான். தூக்கக் கலக்கத்தோடு, செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்கு நடுவே அவள் மோட்டார் சைக்கிள் ஓட்டி வர வேண்டாம். முதல் சில மாதங்களாவது யாரேனும் போய் அழைத்து வாருங்கள். தகரக் கூரை வீடென்றால் காலை பத்து மணிக்கே உள்ளே அனலடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே வந்ததும் குளித்து, லேசாகச் சாப்பிட்டு, உடனே படுக்கட்டும். சன்னலுக்குக் கறுப்புத் திரை போடுங்கள். பக்கத்து வீட்டார் வந்தால் வாசலிலேயே பேசி அனுப்புங்கள்.