அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய்: பிள்ளைகள் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டுமா?

உங்கள் அப்பாவுக்குக் கீமோ நடந்துகொண்டிருக்கிறது, நீங்கள் போய் மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் சோதனை உங்களுக்கு வேண்டாம், அப்பாவுக்குச் செய்யுங்கள். நான் மருத்துவன் இல்லை. எங்கள் அப்பாவும் இதே நோயில் போனவர், பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் அவருக்கு இருந்த மாறுபாடு, அதாவது பழுது, எனக்கும் வந்திருக்கிறது.

கணையப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் பரம்பரையாக வந்த மாறுபாடு இருக்கும். பி.ஆர்.சி.ஏ.2, ஏ.டி.எம்., பி.ஏ.எல்.பி.2, சி.டி.கே.என்.2ஏ ஆகிய மரபணுக்களில்தான் அது அடிக்கடி அகப்படும். நீங்கள் மட்டும் சோதித்து ‘ஒன்றும் இல்லை’ என்று அறிக்கை வந்தால், அப்பாவிடம் இருந்தது உங்களுக்கு வரவில்லையா, அல்லது குடும்பத்தில் ஓடுவது அந்தச் சோதனையில் சிக்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவரிடம் இருப்பது இன்னதென்று தெரிந்துவிட்டால் உங்களுக்கு அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அப்பாவுக்கும் இதில் பயன் உண்டு. பி.ஆர்.சி.ஏ. பழுது உள்ளவர்களுக்குப் பிளாட்டினம் வகைக் கீமோ நன்றாக வேலை செய்வதுண்டு. அதன்பின் ஓலாபாரிப் மாத்திரை கொடுத்ததில், நோய் மீண்டும் வளராமல் நின்ற காலம் 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதமானது என்று 2019இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆயுள் கூடியதாக அது காட்டவில்லை என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

எங்களுக்குக் கண் திறந்தது மரபியல் ஆலோசகர் குடும்ப மரம் வரைந்த அன்றுதான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் குறுக்குக் கோடு, நோய் கண்டவருக்கு உள்ளே கறுப்பு. பெரிய அத்தை மஞ்சள் காமாலையில் போனார் என்றே கேட்டு வளர்ந்தோம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த கதைகூட உண்டு. “உடம்பு இளைத்துக்கொண்டே போனதா? அரிப்பு இருந்ததா?” என்று ஆலோசகர் கேட்டார். இரண்டுக்கும் ஆமாம் என்றார் அம்மா. கணையத்தின் தலைப்பகுதியில் வரும் கட்டி பித்தக்குழாயை அடைத்தால் முதலில் தெரிவது காமாலைதான். பெரிய அத்தையின் வட்டத்துக்குள் ஆலோசகர் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார். சின்ன அத்தைக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்த விஷயமும் அப்போதுதான் வெளியே வந்தது. கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று பாட்டி மூடி வைத்திருந்தாராம்.

அம்மா, அப்பாவுக்கு மாமன் மகள். அதனால் அவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு விழுந்தது. பழுதான பி.ஆர்.சி.ஏ.2 தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குழந்தைக்குச் சேர்ந்தால் ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடும் நோய் வரும். தம்பிக்குச் சொந்தத்தில் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சை நிறுத்தி முதலில் இருவரையும் சோதனைக்கு அனுப்பினோம். சிலருக்கு வருத்தம்தான், இருக்கட்டும்.

இனி அபாயக் கணக்கு. பி.ஆர்.சி.ஏ.2 பழுது உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் கணையப் புற்றுநோய் வரலாம். அதாவது பெரும்பாலோருக்கு வராது. ஆனால் பழுது உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் மார்பகப் புற்றுநோய் வருகிறது, சினைப்பைப் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. அப்பா வழியில் மார்பகப் புற்றுநோய் வராது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள்; அது தவறு. அப்பாவின் சோதனையால் அதிகம் பலன் பெற்றவர் என் அக்கா. ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ. எடுக்கிறார், சினைப்பைகளை அகற்றிக்கொண்டார். கணையத்துக்கு அவ்வளவு உறுதியான வழி கிடையாது. 50 வயதிலிருந்தோ, குடும்பத்தில் மிக இளவயதில் நோய் கண்டவரின் வயதுக்குப் பத்தாண்டு முன்பிருந்தோ ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. அல்லது எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள்.

புகைபிடித்தால் இன்றே நிறுத்துங்கள். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் தந்தை, தம்பி, இரண்டு தங்கைகள் எல்லோரும் இந்த நோய்க்குப் பலியானவர்கள். கார்ட்டர் 100 வயது வாழ்ந்தார். தான் மட்டும் சிகரெட் பிடிக்காததே வித்தியாசம் என்று அவரே சொன்னார். ஒரு குடும்பத்தை வைத்து நிரூபணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் புகை இந்த நோய்க்குக் காரணங்களில் ஒன்று என்பதில் சந்தேகமில்லை.

அறிக்கையில் ‘பொருள் உறுதியாகாத மாறுபாடு’, அதாவது கெடுதல் செய்யுமா செய்யாதா என்று இன்னும் தெரியாத மாறுபாடு, என்று வந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். இந்தியர்களுக்கு இது அதிகம் வரும், ஒப்பிடும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பியர்களுடையது என்பதால். அடுத்த கீமோ நாளில் ரத்தம் எடுக்கும்போதே ஊதா மூடிக் குழாயில் சில மில்லி கூடுதலாக எடுக்கச் சொல்லலாம், தனியாக ஊசி குத்த வேண்டியதில்லை. பரம்பரையாக வந்த மாறுபாடுகளைப் பல மரபணுக்களில் ஒன்றாகப் பார்க்கும் சோதனைக்கு ‘ஜெர்ம்லைன் பேனல்’ என்று பெயர்; டாக்டரிடம் அப்படிக் குறிப்பிட்டே கேளுங்கள். கட்டியின் திசுவில் செய்வது வேறு சோதனை. அது மட்டும் இருந்தால் உங்களுக்குப் பதில் கிடைக்காது.