சங்கம் வந்தால் கம்பெனி போய்விடுமா?

அன்புள்ள ஐயா,

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கேட்டு நடத்திய போராட்டம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். முழுக்கத் தொழிலாளர்கள் பக்கம் நின்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். என் தம்பி ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான். அங்கே சங்கம் ஆரம்பிக்கப் பேச்சு நடக்கிறது. உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா என்று என்னிடம் கேட்டான். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலைக்கு என்ன ஆனது என்று நாம் பார்க்கவில்லையா? கொடி பிடித்தார்கள், ஸ்ட்ரைக் செய்தார்கள், கம்பெனி வியட்நாமுக்குப் போய்விட்டது. எங்கள் ஊரிலிருந்து அங்கே வேலைக்குப் போன பெண்களில் சிலர் இப்போது ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். இன்றைக்கு எந்தக் கம்பெனியும் எந்த நாட்டுக்கும் போகலாம். அப்படியிருக்க, ஸ்ட்ரைக் என்பது நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுதானே?

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த வேலையைத்தான் நான் இங்கே பார்க்கிறேன். அவர்கள் போராடி ஜெயித்தால் என் வேலை போகும். நான் எப்படி வேலைநிறுத்தத்தை ஆதரிக்க முடியும்? பூசி மெழுகாத பதிலை எதிர்பார்க்கிறேன்.

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

தம்பி மீதுள்ள அக்கறையில்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நோக்கியா கதையை ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்தால் நீங்கள் சொல்வது சரியாகத்தான் தோன்றும். ஜெர்மனியிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். அங்கே போஹும் என்ற பழைய தொழில் நகரத்தில் நோக்கியாவுக்கு ஒரு ஆலை இருந்தது. 2008 ஜனவரி 15 அன்று அதை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் 2,300 பேர். எந்த வேலைநிறுத்தமும் அந்த முடிவுக்குக் காரணமாக இருக்கவில்லை. நிறுவனம் நஷ்டத்திலும் இல்லை. அறிவிப்பு வந்து பத்து நாள் ஆவதற்குள் 2007ஆம் ஆண்டுக்கான கணக்கை வெளியிட்டார்கள். லாபம் 720 கோடி யூரோ. மூடுவதற்குச் சொன்ன காரணம், ஜெர்மனியில் கூலி அதிகம் என்பது.

வேலை ருமேனியாவுக்குப் போனது. க்ளூஜ் நகரத்தை ஒட்டிய ஜூக்கு என்ற கிராமத்தில் புது ஆலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகக் குறைந்த கூலி இருந்த நாடுகளில் அது ஒன்று. 2011 செப்டம்பரில் அந்த ஆலையையும் மூடுவதாக அறிவித்தார்கள். சுமார் 2,200 பேருக்கு வேலை போனது. திறந்து நான்கு ஆண்டுகூட முழுசாக ஆகவில்லை. அந்த ருமேனியத் தொழிலாளர்கள் குறைந்த சம்பளத்துக்கு உழைத்தார்கள். அதுவும் அவர்களைக் காப்பாற்றவில்லை. அந்தக் கட்டடத்தில் பிறகு ஒரு இத்தாலிய நிறுவனம் காபி இயந்திரங்கள் செய்ய வந்தது. 2012இல் நோக்கியா பின்லாந்தில், தன் சொந்த மண்ணில், சலோ நகரத்தில் இருந்த ஆலையிலும் உற்பத்தியை நிறுத்தியது. கைபேசிக்கான பாகங்களைச் செய்கிறவர்கள் எல்லாம் ஆசியாவில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்றார்கள்.

இப்போது ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். 2006இல் இங்கே உற்பத்தி தொடங்கியது. ஒரு கட்டத்தில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். 2009இலும் 2010இலும் வேலைநிறுத்தங்கள் நடந்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் ஆலை ஓடியது. அந்த நான்கு ஆண்டுகளில்தான் பட்டன் போன் சந்தை சரிந்தது. இங்கே பெரும்பாலும் செய்தது பட்டன் போன். 2013 ஜனவரியில் வருமான வரித்துறை உள்ளே வந்தது. 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வரி பாக்கி என்று நோட்டீஸ் போனது, சொத்துகள் முடக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. பிறகு தமிழ்நாடு அரசும் சுமார் 2,400 கோடி ரூபாய் வாட் வரி கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 ஏப்ரலில் கைமாற்றம் முடிந்தபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை அதில் சேராமல் நின்றுவிட்டது. கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்தத்தில் போன் செய்து கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியதும், 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது.

இந்த வரிசையில் வேலைநிறுத்தத்தை எங்கே வைப்பீர்கள்? 2014இல் அந்தத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம், ஆலையை மூடாதீர்கள் என்று கேட்டு நடத்தியது. உங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். அந்த வரி வழக்கு 2018இல் சமரசத்தில் முடிந்தது. பிறகு சால்காம்ப் என்ற சார்ஜர் நிறுவனம் அந்த ஆலையை வாங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கான விலையைக் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள் மட்டும்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நிறுவனமும் இரண்டு அரசுகளும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டார்கள், பழி மட்டும் இருபத்தைந்து வயதுப் பெண்கள் பிடித்த கொடி மீது விழுந்தது.

வேலைநிறுத்தத்தை நிறுவனங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. எடுக்கிறார்கள். கூலி, வரி, மின்சாரம், துறைமுகம், உதிரிபாகம், சந்தை எல்லாவற்றோடும் அதையும் கூட்டிக் கழிக்கிறார்கள். குறைந்த லாபத்தில் ஓடும் ஒரு சின்ன உதிரிபாக ஆலைக்கு நீண்ட வேலைநிறுத்தம் பெரிய அடிதான். அதை மறைத்து உங்களிடம் பேச மாட்டேன். ஆனால் அது மட்டுமே முடிவு செய்வதில்லை என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமே சாட்சி. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் வேலை செய்த பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் 150 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போன பிறகு, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உடம்பு சரியில்லாமல் போனவர்களின் நிலை என்ன என்று யாரும் சரியாகச் சொல்லாததால் வதந்தி பரவியது. கேட்டுச் சொல்ல அவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்திருந்தால் நடுரோட்டுக்கு வர வேண்டியிருந்திருக்காது. ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது. ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அப்புறம் என்ன நடந்தது? விடுதிகளையும் சாப்பாட்டையும் சரிசெய்ய வேண்டி வந்தது. ஃபாக்ஸ்கான் போய்விடவில்லை, முன்பைவிடப் பெரிதானது.

சாம்சங்கும் அப்படியே. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் போராட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே நின்றார்கள். முதன்மையான கோரிக்கை, சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பது. பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், அந்த ஆலையில் சாம்சங் இன்னும் 1,000 கோடி ரூபாய் முதலீடு செய்யப்போகிறது என்று மாநிலத் தொழில்துறை அமைச்சர் அறிவித்தார். 2024 ஜூலையில் கொரியாவில், சாம்சங்கின் சொந்த ஊரிலேயே, அதன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததையும் நினைவில் வையுங்கள்.

அப்படியானால் சங்கத்தால் என்ன பயன்? ஆலை போவதைச் சங்கம் தடுத்துவிடும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. போஹும் நகரத்தில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள், அரசியல் தலைவர்கள் நோக்கியா போனைத் துறந்தார்கள், ஆனாலும் ஆலை போயே போனது. ஆனால் அங்கே தொழிலாளர் குழுவும் ஐஜி மெட்டால் என்ற உலோகத் தொழிலாளர் சங்கமும் உட்கார்ந்து பேசி 20 கோடி யூரோ வாங்கின. 2,300 பேருக்கு வகுத்தால் சராசரியாக ஆளுக்கு 80,000 யூரோவுக்கு மேல். அந்த மாநில அரசு, நீங்கள் வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நின்றது. இங்கே நம் சட்டம் சொல்லும் ஆட்குறைப்பு இழப்பீடு, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். ஆறு ஆண்டு வேலை பார்த்தவருக்கு மூன்று மாதச் சம்பளம், அவ்வளவுதான். நோக்கியாவின் விஆர்எஸ் (விருப்ப ஓய்வுத் திட்டம்) அதைவிட அதிகம் கொடுத்தது, சுமார் 5,000 பேர் அதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பேச ஒரு சங்கம் இருந்த ஆலை அது. நோக்கியாவை நம்பி ஓடிய துணை ஆலைகளில் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். இதில்தான் உங்கள் கேள்வி உண்மையிலேயே கடினமானது.

2014 கடைசியில், ஆர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனம் சுமார் 250 ஐடி ஊழியர்களிடம் உங்கள் வேலை முடிந்தது என்று சொன்னது. போகும் முன் மாற்றாக வருகிறவர்களுக்குக் கேடி, அதாவது வேலையைக் கற்றுக்கொடுக்கும் ‘நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்’, கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வந்தவர்கள் இந்திய அவுட்சோர்ஸிங் நிறுவனங்கள் வழியாக வந்தவர்கள். நீங்களும் அப்படி ஒரு கேடியில் மறுபக்கம் உட்கார்ந்திருக்கலாம். அந்த 250 பேருக்குச் சார்பாகப் பேரம் பேச யாரும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. வேலை சத்தமில்லாமல் போனது. பிறகு சிலர் தொடுத்த வழக்கும் நிற்கவில்லை.

2016 ஏப்ரலில் அமெரிக்காவின் வெரைசன் தொலைபேசி நிறுவனத்தில் ஏறக்குறைய 40,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கால் சென்டர் வேலைகளை வெளிநாடுகளுக்கு அனுப்புவது அங்கே முக்கியமான பிரச்சினைகளில் ஒன்று. ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தது. முடிவில் நான்கு ஆண்டுகளில் 10.9 சதவீத ஊதிய உயர்வும், அமெரிக்காவிலேயே 1,300 புதிய கால் சென்டர் வேலைகளும் கிடைத்தன. வெளியே போவது விதி, யாராலும் எதுவும் செய்ய முடியாது என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒப்பந்தம் ஒரு பதில்.

உங்களுக்கு இது கெட்ட செய்தியாகப் படும். அந்த 1,300 வேலைகள் மணிலாவுக்கோ சென்னைக்கோ வந்திருக்கலாம் அல்லவா? வந்திருக்கலாம். நலன்கள் மோதுகின்றன, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேலைநிறுத்தத்தின் நடுவே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மே மாதத்தில் வெரைசன் தொழிலாளர்களின் சங்கத்தைச் சேர்ந்த சிலர் பிலிப்பைன்ஸுக்கு விமானம் ஏறினார்கள். தங்கள் வேலையை வாங்கியவர்களைத் திட்டுவதற்குப் போகவில்லை. அங்குள்ள கால் சென்டர் ஊழியர்களின் அமைப்பினரைச் சந்தித்து, எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம் என்று கேட்டார்கள். மணிக்கு 1.78 டாலர், கூடுதல் நேரத்துக்குச் சரியான கூலி இல்லை என்று கேட்டறிந்ததாகச் சொன்னார்கள். நிறுவனம் மறுத்தது. அமெரிக்கச் சங்கத்தார் மணிலாவில் எதிரியாகப் பார்த்தது அந்தச் சம்பளத்தை, அங்கே வேலை செய்தவர்களை அல்ல. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. அந்த 1.78 டாலர் மூன்று டாலரானால் மணிலாக்காரருக்கு லாபம், அமெரிக்கருக்கும் லாபம். இருவருக்கும் இடையே இருக்கும் கூலி வித்தியாசம்தான் வேலையை நகர்த்துகிறது. போஹும் ஆலையிலும் அதுதான் நடந்தது.

உங்களிடமிருந்தும் வேலை போகும். அமெரிக்கர்கள் ஜெயித்துத்தான் போக வேண்டும் என்பதில்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது ஓஎம்ஆர் முழுக்க எத்தனை வீட்டில் தூக்கம் கெட்டது என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் ஹெச்ஆர் அறைக்குள் தனியாகக் கூப்பிட்டு, ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுங்கள், நல்ல சான்றிதழ் தருகிறோம் என்று சொன்னால், பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள்? ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடை எதுவும் இல்லை என்பதைத் தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. உங்கள் கேம்பஸில் பலருக்கு இது தெரிந்திருக்காது. சொல்லுங்கள்.

தம்பி விஷயம். சங்கத்தில் சேர்ந்தாலே ஸ்ட்ரைக் என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு ஆலைச் சங்கம் பார்க்கும் வேலை வேறு. கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ், இரவு ஷிப்ட், மெஷினில் கை மாட்டினால் யார் பொறுப்பு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊதிய ஒப்பந்தம் இதெல்லாம்தான். முதலில் அவன் நிரந்தரமா, ஒப்பந்தமா, பயிற்சியாளரா என்று பார்க்கச் சொல்லுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பிஎஃப் எண் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் இருந்தால் ஆபத்து கூடுதல். அதனால் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்கிற சங்கமா என்று விசாரிக்க வேண்டும்.

ஒரு சங்கம் பதிவு பெற, அந்த ஆலைத் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். தம்பியின் ஆலையில் 400 பேர் என்றால் 40 பேர் போதும். ஆரம்பத்தில் அந்த 40 பேரைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு அண்ணன் வேண்டாம் என்கிறார். நீங்கள் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.