ஜனத்தொகை போதாது என்றால் பஸ் வராதா?

கேள்வி: வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் குக்கிராமம், நூற்றைம்பது வீடு இருக்கும். தார் ரோடு வந்துவிட்டது. ஆனால் டவுன் பஸ் மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே திரும்பிவிடுகிறது. மனு கொடுத்தால் 'உங்க ஊர் ஜனத்தொகை போதாது' என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். இத்தனை பேர் இருந்தால்தான் பஸ் விடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஜனத்தொகைக் கணக்கு ரோட்டுக்குத்தான் உண்டு; பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளிக் குடியிருப்புக்கு 500 பேர் வேண்டும் என்பது விதி. உங்களுக்கு ரோடு வந்தாயிற்று, அந்தப் பேச்சே முடிந்துவிட்டது.

இன்னொன்று, 2011 சென்செஸ் வருவாய் கிராமத்தைத்தான் கணக்கில் எடுக்கும், அதற்குள் இருக்கும் குக்கிராமங்களைத் தனித்தனியாகக் காட்டாது. தாய்க் கிராமத்துக்கு பஸ் வந்தாலே 'பஸ் வசதி உண்டு' என்று பதிவாகிவிடும். அதாவது மூன்று கிலோமீட்டர் நடக்கிற உங்கள் பிள்ளைகள் காகிதத்தில் பஸ் வசதியுள்ள ஊர்க்காரர்கள்! இதனால்தான் எத்தனையோ மலையடிவார ஊர்கள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அதனால் மனுவில் ஜனத்தொகையை எழுதாதீர்கள், பஸ்ஸில் ஏறப்போகிறவர்களை எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எத்தனை பேர் (தலைமையாசிரியரிடமே எழுதி வாங்கலாம்), காலையில் வேலூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், அணைக்கட்டு ஊரின் சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்கள் எத்தனை பேர், எந்த நேரத்துக்கு என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு தாளில் எழுதிவிட்டால் டிப்போ கிளை மேலாளருக்கு அதுதான் புரிகிற கணக்கு.

புது பஸ் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே திரும்புகிற அந்த பஸ்ஸில் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை மட்டும் உங்கள் ஊர்வரை நீட்டிக்கச் சொல்லுங்கள். வண்டியும் டிரைவரும் இருக்கிறார்கள், கூடுவது கொஞ்சம் டீசலும் நேரமும்தான்.

அதற்கு முன்னால் ரோட்டில் ஒருமுறை நடந்து பாருங்கள். பஸ்ஸின் கூரையில் உரசுகிற உயரத்தில் புளியங்கிளை தொங்குகிறதா, கரண்ட் கம்பி தாழ்ந்திருக்கிறதா, சிறுபாலத்தில் கைப்பிடிச்சுவர் உடைந்திருக்கிறதா, ஊர் முனையில் பஸ் ரிவர்ஸ் எடுத்துத் திரும்ப இடம் இருக்கிறதா? பார்வையிட வருகிறவர் 'திரும்ப இடமில்லை' என்று எழுதிவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். களத்துமேடு மாதிரி ஓர் இடம் இருந்தால் அதை மனுவிலேயே காட்டிவிடுங்கள்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வெறும் கையெழுத்து மனுவைவிட இதற்கு எடை அதிகம்.

டிப்போ அசையவில்லை என்றால் மினி பஸ். 2025 ஜூனில் தொடங்கிய புதிய திட்டத்தில் வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், பஸ் போகாத ஊர்களுக்காகவே வந்தது. ஆனால் ஓட்டுவது தனியார், அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இருக்கும் கட்டணமில்லாப் பயணம் அதில் கிடையாது. தினமும் வேலைக்குப் போகிற பெண்களுக்கு மாதக் கடைசியில் அது பெரிய தொகை, ஆகவே முதல் முயற்சி அரசு பஸ்ஸுக்கே இருக்கட்டும்.

அப்படியும் வாய்மொழியாகவே மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த விதியின்படி எங்கள் ஊருக்கு நடை நீட்டிப்பு மறுக்கப்பட்டது, அதன் நகல் வேண்டும். 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.