எஃப் கார்டும் வலிக்கிற கையும்

வணக்கம் அண்ணா,

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். வயது 43, பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்த தம்பி வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டதால், கொஞ்சம் கீபோர்டு தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக அவன் விட்டுப்போன கிட்டாரை என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேலாகிறது. சி, ஜி, டி, ஏ மைனர் கார்டுகள் (பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கிற பிடிகள்) எல்லாம் வந்துவிட்டது. எஃப் மட்டும் வரமாட்டேன் என்கிறது. பிடித்தால் இரண்டு தந்தி ஊமையாகிவிடும், சத்தம் வருகிறவரை அழுத்தினால் கட்டைவிரலின் அடிப்பகுதி பிடித்துக்கொள்ளும். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் இடது முன்கை இறுகிக் கிடக்கும், அன்றைக்குச் சப்பாத்தி மாவு பிசையக்கூட முடியாது.

கொஞ்ச நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், "ரத்தம் வந்தாத்தான் கிட்டார் வரும், தடிச்ச கம்பிதான் நல்ல சவுண்டு" என்பார். அவர் சொல்லித்தான் 12 சைஸ் கம்பி போட்டிருக்கிறேன். என் விரல்களும் குட்டை. நீங்கள் கிட்டார் சொல்லித்தருகிறவர் என்பதால் கேட்கிறேன். இந்த வயதில், இந்தக் கையை வைத்துக்கொண்டு இது எனக்கு ஆகுமா? இல்லை, கீபோர்டுக்கே திரும்பிவிடட்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஆகும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தவரை வயதோ விரல் நீளமோ காரணமாக எனக்குத் தெரியவில்லை. தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள், அழுத்திய கையை நடுவில் விடுவதே இல்லை, இந்த இரண்டும்தான் தெரிகிறது. அதிலும் முதலாவதற்குப் பாதிப் பொறுப்பு உங்கள் கிட்டாருடையது.

அந்த "ரத்தம் வந்தால்தான்" பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். விரல் நுனி எரிவது ஆரம்பத்தில் சில வாரங்களுக்கு எல்லோருக்கும் உண்டு, தோல் தடித்ததும் அது போய்விடும். கட்டைவிரல் அடியிலும் முன்கையிலும் மணிக்கட்டிலும் வருகிற வலி வேறு ஜாதி. ஒரு வருடம் கழித்தும் அது இருக்கிறது என்றால் எங்கேயோ ஏதோ தவறாகப் போகிறது என்று உடம்பு சொல்கிறது, அதைத் தாங்கிப் பழகச் சொல்வது நல்ல ஆசிரியர் செய்கிற காரியம் இல்லை. நன்றாகப் பாடவும் கேட்கவும் தெரிந்த எத்தனையோ பேர் இந்தப் பேச்சை நம்பி, தனக்குக் கை சரியில்லை என்று முடிவுகட்டி, கிட்டாரைப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

சரி, கிட்டாரைப் பார்ப்போம். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டு 12ஆவது ஃப்ரெட்டுக்கு (நெக், அதாவது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கோடு) மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஸ்டீல் கம்பி கிட்டாரில் தடித்த ஆறாவது தந்தி சுமார் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய முதல் தந்தி 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் சற்றுக் கீழே, அவ்வளவு இருந்தால் போதும். உங்களுடையது 4 இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். விலை குறைந்த கிட்டார்கள் பெரும்பாலும் கடையிலிருந்தே அப்படித்தான் வருகின்றன, போதாததற்கு உங்களுடையது கடலோர ஊர், காற்றில் இருக்கிற ஈரத்தை மரம் குடித்து மேல்பலகை லேசாக உப்பும், அதோடு தந்திகளின் மறுமுனை பொருந்தியிருக்கிற பிரிட்ஜும் மேலே போகும், தந்தியும் உயரும். அப்புறம் நட். கிட்டாரின் தலைப்பக்கம் தந்திகள் உட்கார்ந்திருக்கிற அந்த வெள்ளைப் பட்டை. ஒரு தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேல் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவுதான் இருக்க வேண்டும். அதைவிட நிறைய இருந்தால் நட்டின் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படவில்லை என்று அர்த்தம், அப்படிப்பட்ட கிட்டாரில் முதல் ஃப்ரெட்டில் எஃப் பிடிப்பது இருபது வருடம் வாசித்தவருக்கும் தண்டனைதான்.

இதைச் சரிசெய்ய ஆள் இருக்கிறார்கள். "செட்டப் பண்ணணும்" என்று சொன்னால் போதும், நட், பிரிட்ஜில் தந்தி உட்காருகிற சேடில், நெக்கின் வளைவு மூன்றையும் பார்த்துத் தருவார்கள். வீட்டில் அரத்தை வைத்து நீங்களே தேய்க்க வேண்டாம். நட்டில் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் உரசி இரைய ஆரம்பிக்கும்.

செட்டப்புக்குக் கொடுக்கும்போதே 12 சைஸைக் கழற்றிவிட்டு 10 போடச் சொல்லுங்கள், மனம் ஒப்பவில்லை என்றால் 11. அந்த எண் முதல் தந்தியின் தடிமன், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. சாதாரண ஸ்டீல் தந்தியில் இழுவிசை தடிமனின் வர்க்கத்தோடு போகும், கணக்கு டீச்சருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, 12க்குப் பதில் 11 போட்டாலே முதல் தந்தியில் இழுவிசை 16 சதவீதம் குறைகிறது, 10 என்றால் 30 சதவீதம். ஒலி கொஞ்சம் மெலியும், அது உண்மை. ஆனால் இறுகிப்போன கையிலிருந்து வருகிற ஒலியைவிடத் தளர்ந்த கை மெல்லிய தந்தியில் எழுப்புகிற ஒலி எப்போதும் கேட்க நன்றாக இருக்கும். தடித்த தந்திக்கு உதாரணமாக எல்லோரும் அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானைச் சொல்வார்கள். அவர் 13 போட்டார்தான், ஆனால் கிட்டார் முழுவதையும் அரை சுருதி இறக்கி வைத்துக்கொண்டு வாசித்தார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அரை சுருதி இறக்கினாலே இழுவிசையில் ஏறத்தாழ 11 சதவீதம் போய்விடும்.

பிளாக் சபாத் என்ற ராக் குழுவின் டோனி ஐயோமி இன்னும் நல்ல உதாரணம். பர்மிங்காம் நகரத்துக்காரர், இடதுகைப் பழக்கம், அதனால் தந்தியை அழுத்துவது வலது கை. 17 வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் அந்தக் கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரலுறை செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய கிட்டார் தந்தி அன்றைக்குக் கடையில் கிடைக்காததால் பாஞ்சோ தந்திகளை வாங்கிப் போட்டார், பின்னால் சுருதியையும் இறக்கினார். கைக்கு ஏற்றபடி வாத்தியத்தை மாற்றியதிலிருந்து பிறந்த அந்தக் கனத்த ஒலிதான் ஹெவி மெட்டல் என்ற இசை வகைக்கே அடையாளமானது.

இனி கை. கிட்டாரை மடியில் வைத்து, ஏதாவது ஒரு தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட் பக்கம் நடுவிரலைச் சும்மா தொடுகிற மாதிரி வையுங்கள், அழுத்த வேண்டாம். வலது கையால் அந்தத் தந்தியை விடாமல் மெதுவாக மீட்டிக்கொண்டே இருங்கள். முதலில் "டொக் டொக்" என்று ஊமைச் சத்தம் வரும். இப்போது இடது விரலில் துளித்துளியாக அழுத்தம் கூட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் கரகரவென்று இரையும், இன்னும் சற்றுக் கூட்டினால் திடீரென்று ஸ்வரம் தெளியும். அங்கேயே நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் ஸ்வரம் தெளிவாகப் போவதில்லை, சொல்லப்போனால் சுருதி மேலே விலகும். இதே சோதனையை விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டி வைத்து ஒரு தடவை, இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்து ஒரு தடவை செய்து பாருங்கள், ஒட்டி வைத்தால் எவ்வளவு குறைவாகப் போதும் என்று கைக்கே புரியும். இதை நான் சொல்லித்தருகிற எல்லோரையும் முதலில் செய்யவைப்பேன், கிட்டத்தட்ட எல்லோருக்கும் முகம் மாறும், ஏனென்றால் அதுவரை அதைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்திக்கொண்டிருந்திருப்பார்கள்.

எஃப்புக்கு வருவோம். ஆள்காட்டி விரல் ஆறு தந்தியையும் சமமாக அழுத்த வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் நசுக்குகிறார்கள். யோசித்துப் பாருங்கள், மூன்றாவது தந்தியை நடுவிரல் பிடிக்கிறது, ஐந்தாவதை மோதிரவிரல், நான்காவதைச் சுண்டுவிரல். ஆள்காட்டி விரலுக்கு மிச்சம் இருப்பது ஆறாவது, இரண்டாவது, முதலாவது, அந்த மூன்றுதான். நடுவில் இருக்கிற மூன்று தந்திகளில் அந்த விரல் சும்மா கிடந்தால் போதும். அதைத் தட்டையாக வைக்காமல் லேசாக நட் பக்கம் உருட்டி, எலும்பு தட்டுப்படுகிற ஓரப்பகுதியால் பிடியுங்கள். இரண்டு தந்தி ஊமையாகிறது என்றீர்களே, அநேகமாக விரல் மூட்டின் மடிப்பு சரியாக அந்தத் தந்திக்கு மேல் விழுகிறது. விரலை ஒரு நூல் அளவு மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள், அழுத்தம் கூட்டாமலே சத்தம் வந்துவிடும். பயிற்சியை முதல் ஃப்ரெட்டில் தொடங்கவும் வேண்டாம், நட்டை ஒட்டி இருப்பதால் அங்கேதான் தந்தி மிகவும் விறைப்பு. இதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்தால் அது ஏ மேஜர். அங்கே சுகமாக வந்த பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்குங்கள்.

கட்டைவிரல் வலிக்குக் காரணம் இடுக்கிப் பிடி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் நெக்கை வைத்து நசுக்குவது. கட்டைவிரலை நெக்கிலிருந்து முழுவதும் எடுத்துவிட்டு அந்த ஏ மேஜரைப் பிடித்துப் பாருங்கள். வலது முன்கை கிட்டாரின் உடலை உங்கள்மேல் லேசாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளும், இடது முழங்கை தொங்குகிற பாரத்திலேயே விரல்கள் தந்தியைப் பின்னால் இழுக்கும். தண்ணீர் வாளியைத் தூக்கும்போது விரல்கள் கைப்பிடியில் கொக்கி போட்டிருக்கும், பாரத்தைத் தோள் சுமக்கும், யாரும் கட்டைவிரலால் நசுக்கித் தூக்குவதில்லை, அதேதான் இங்கேயும். கட்டைவிரல் இல்லாமல் சத்தம் வந்ததும் அதைத் திரும்பப் பின்னால் கொண்டுபோய் ஒட்டிவையுங்கள், வழிகாட்டியாக மட்டும்.

இதற்கு உடலமைப்பில் காரணம் இருக்கிறது. விரலை மடக்குகிற முக்கியமான தசைகள் முன்கையில் இருக்கின்றன, அதனால்தான் உங்களுக்கு முன்கை இறுகுகிறது. அங்கிருந்து ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டில் இருக்கிற ஒரு குறுகிய வழியாகக் கைக்குள் போகின்றன. மணிக்கட்டைக் கூர்மையாக மடக்கிவைத்தால் அந்த வழியில் நெரிசல் கூடும், அதே நிலையில் நசுக்கவும் செய்தால் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கட்டு நேராக இருக்க வேண்டுமானால் நெக்கின் தலை உங்கள் தோள் உயரத்துக்கு வர வேண்டும். அமெரிக்க கிளாசிக்கல் கிட்டார் கலைஞர் டேவிட் லைஸ்னர் விரல் கட்டுப்பாட்டைக் குலைக்கிற டிஸ்டோனியா என்ற நரம்புக் கோளாறால் பல ஆண்டுகள் மேடையை இழந்தவர். சிறு தசைகளை விட்டு, தோள், முதுகு போன்ற பெரிய தசைகளிலிருந்து வாசிக்கப் பழகித்தான் மீண்டு வந்தார். உங்களுக்கு இருப்பது அந்தக் கோளாறு என்று நினைத்துப் பயந்துவிட வேண்டாம், அவர் கண்டுபிடித்த வழி எல்லோருக்கும் உதவும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் சொன்ன இரண்டாவது விஷயம் எனக்கு இதையெல்லாம்விட முக்கியம். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற நேரத்தில் கை ஒரு கணம் முழுவதும் ஓய்ந்துபோக வேண்டும். பெரும்பாலோர் ஜி பிடித்த இறுக்கத்தோடே விரல்களைத் தூக்கி, அதே இறுக்கத்தோடு சி-யில் இறக்குகிறார்கள், அதாவது நான்கு நிமிடப் பாட்டுக்கு நான்கு நிமிடமும் முன்கை முறுக்கியே கிடக்கிறது, பூசையில் அப்படி எத்தனை பாட்டு. ஒரு கார்டைப் பிடியுங்கள், ஒரு தரம் மீட்டுங்கள், விரல்களைத் தந்தியிலிருந்து எடுக்காமலே அழுத்தத்தை மட்டும் விடுங்கள், சத்தம் நின்றுபோகும், மறுபடி அழுத்துங்கள், மறுபடி விடுங்கள். ரொம்ப மெதுவாக. இது பழகியதும் விட்ட நிலையிலேயே அடுத்த கார்டுக்கு நகருங்கள். கடைசி அடியில் சத்தம் கொஞ்சம் முன்னால் அறுபடும், கவலைப்படாதீர்கள், பாடுகிறவர்கள் நடுவில் அது யாருக்கும் கேட்காது. அந்த நேரத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா, மூச்சைப் பிடிக்கிறீர்களா, வலது கை பிக்கை (தந்தி மீட்டுகிற சில்லை) இறுக்குகிறதா என்றும் கவனியுங்கள். ஒரு கை இறுகினால் மற்றது தானாக இறுகும்.

கோயிலில் நின்று வாசிப்பதென்றால் ஸ்ட்ராப்பை உயர்த்துங்கள், வீட்டில் உட்கார்ந்து பழகும்போது கிட்டார் எந்த உயரத்தில் இருக்கிறதோ நிற்கும்போதும் அதே உயரம் இருக்க வேண்டும். அகலமான ஸ்ட்ராப்பாக வாங்கினால் தோளுக்கு நல்லது. எல்லாத் தந்தியையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கிற கவ்வியான கேப்போ ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். எஃப் சுருதியில் பாட்டு என்றால் மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு டி, ஜி, ஏ வடிவங்களைப் பிடித்தால் எஃப், பி ஃபிளாட், சி கிடைத்துவிடும், கையும் தப்பிக்கும், ஜெபக் கூட்டத்துக்கு எந்தக் குறையும் இல்லை. அதை ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வீட்டில் ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் வேண்டாம். 15, 20 நிமிடம் வாசித்துவிட்டுக் கீழே வைத்து, கையைத் தொங்கவிட்டு நடந்துவிட்டு வந்து திரும்ப எடுங்கள். முன்கை இறுக ஆரம்பித்தால் அன்றைக்குப் போதும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போவது, சுண்டுவிரல் பக்கம் சுருசுருவென்று இருப்பது, இரவில் வலித்து விழிப்பு வருவது, இதில் எது இருந்தாலும் வாசிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், அங்கே என் யோசனைக்கு இடமில்லை.

வயதைக் கேட்டீர்கள். 1893இல் பிறந்த ஸ்பெயின் நாட்டு கிளாசிக்கல் கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா 90 வயதைத் தாண்டியும் மேடையில் வாசித்தார். நைலான் தந்தியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. அந்தத் தந்தியின் இழுவிசை ஸ்டீல் தந்தியைவிடக் குறைவு. செட்டப் செய்து, 10 சைஸ் போட்டு, மேலே சொன்னதையெல்லாம் ஓரிரு மாதம் பழகிய பிறகும் உங்கள் கட்டைவிரல் முணுமுணுத்தால், ஒரு நைலான் தந்தி கிட்டாரைக் கடையில் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். ஸ்டீல் கிட்டாரில் நைலான் தந்தியைக் கட்டினால் சரிவராது, வேறு கிட்டார்தான் வாங்க வேண்டும். நெக் சற்று அகலம், அதனால் உங்கள் கைக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கீபோர்டுக்குத் திரும்புவதைப் பற்றி அதற்கப்புறம் பேசுவோம். 12ஆவது ஃப்ரெட்டில் ஸ்கேல் என்ன காட்டியது என்று எழுதுங்கள்.

அன்புடன்.