பதிலீட்டு இறையியல் என்றால் என்ன?

யூதர்களோடு கடவுள் செய்த உடன்படிக்கை முடிந்தது, அந்த இடத்துக்குத் திருச்சபை வந்துவிட்டது என்ற கருத்துதான் இது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்ததைப் பல திருச்சபைத் தந்தையர் (தொடக்க நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ ஆசிரியர்கள்) இதற்குச் சான்றாகக் காட்டினர். 2ஆம் நூற்றாண்டிலேயே அவர்களில் ஒருவரான ஜஸ்டின், கிறிஸ்தவர்களே மெய்யான இஸ்ரவேல் என்று வாதிட்டார். புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் (8:13) முதல் உடன்படிக்கையைப் 'பழமையானது' என்பதும் அவர்கள் பக்கத்துக்கு வலு.

சிக்கல் பவுலின் ரோமர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில். அங்கே பவுல் ஒலிவமரத்தைச் சொல்கிறார்: பிற இனத்தார் ஒட்டப்பட்ட காட்டுக் கிளைகள், வேர் இஸ்ரவேலுடையது. 29ஆம் வசனமோ கடவுளின் அழைப்பு மாறாதது என்கிறது. வீட்டில் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தால் மூத்தவன் பிள்ளை இல்லை என்று ஆகிவிடுமா?

1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம்) வெளியிட்ட, பிற சமயங்களைப் பற்றிய 'நோஸ்ட்ரா ஏத்தாத்தே' ஆவணம் இந்த அதிகாரத்தையே பிடித்துக்கொண்டு, யூதர்களைக் கடவுளால் சபிக்கப்பட்டவர்களாகக் காட்டக் கூடாது என்றது.

பதிலீட்டை மறுப்பவர் எல்லாரும் இஸ்ரேல் அரசின் ஆதரவாளர் என்று நினைப்பது தவறு. அந்த ஆவணம் இஸ்ரேல் அரசைப் பற்றிப் பேசவே இல்லை, வத்திக்கான் அதனுடன் அடிப்படை ஒப்பந்தம் செய்ததே 1993 டிசம்பரில்தான்.