டேன்: தோலுக்கா, முகத்துக்கா?

கேள்வி: டேனரி (தோல் பதனிடும் ஆலை) அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆங்கில மெயில்களில் 'கியூர்', 'டேன்', 'டை' என்று மாறி மாறி வருகிறது. மூன்றும் ஒன்றா? வெயிலில் முகம் டேன் ஆகிவிட்டது என்கிறோமே, அதுவும் இதே சொல்லா?
- ஒரு வாசகி, பேரணாம்பட்டு

பதில்: இதே சொல்தான். தோல் முந்தி, முகம் பிந்தி. இடைக்கால லத்தீனில் 'டானும்' என்றால் இடித்த ஓக் பட்டை. அதில் தோலை ஊறப்போட்டுப் பதனிடுவது 'டானாரே'. பட்டையின் துவர்ப்புப் பொருளான டானினுக்கும் பெயர் இந்த வழியில் வந்ததே. பட்டையில் ஊறிய தோல் பழுப்பாகும். 16ஆம் நூற்றாண்டில் வெயிலில் மேனி பழுப்பதையும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். நம் பக்கத்தில் ஓக் பட்டையின் வேலையைச் செய்தது ஆவாரம்பட்டை.

மூன்றும் ஒன்றல்ல. கியூர் என்பது உப்புப் போட்டு வைப்பது. உப்பைக் கழுவிவிட்டால் மறுபடி பச்சைத் தோல், அழுகும். டை என்பது சாயம். டேன் செய்தால்தான் பட்டைச் சத்தோ குரோம் உப்போ தோலின் கொலாஜன் என்ற புரதத்தோடு பிணைந்து, அழுகாத லெதராகிறது.

குரோம் முறையில் பிக்கிள் செய்த (உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறிய) தோலை, பி.ஹெச். (அமிலத்தன்மை அளவு; குறைந்தால் அமிலம் அதிகம்) 3க்குக் கீழே இருக்கும்போது, சுழலும் டிரம்மில் போடுகிறார்கள். அதில் சேர்க்கும் குரோம் உப்பான பேசிக் குரோமியம் சல்பேட் தோல் எடைக்குச் சுமார் 8 சதவீதம். அது உள்வரை இறங்கியபின் சோடா கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பி.ஹெச்.சை 3.8 வரை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் குரோம் மேலேயே பிடித்துக்கொள்ளும். தடித்த இடத்தில் வெட்டிப் பார்த்தால் குரோம் ஏறிய நீலத்துக்கு நடுவே வெளிறிய கோடு தெரியும். 'நாட் டேண்டு த்ரூ' என்று மெயில் வந்தால் புகார் இதுதான். ஒரு துண்டைக் கொதிநீரில் 2 நிமிடம் போட்டும் பார்ப்பார்கள். சுருண்டால் டேனிங் போதவில்லை.

'டேண்டு', 'டேனிங்' இரண்டிலும் 'என்' எழுத்து இரட்டிக்கும். 'டேண்டு வித் குரோம்' என்றோ 'குரோம்-டேண்டு' என்றோ எழுதலாம். 'ஐ வில் டேன் யுவர் ஹைட்' என்றால் தோலை உரித்துவிடுவேன் என்ற மிரட்டல். மெயிலில் வராது என நம்புவோம்!

ஆர்டரில் மட்டும் கவனம். 'டேண்டு லெதர்' என்றால் பதனிட்ட தோல், எந்த நிறமாகவும் இருக்கலாம். 'டேன் லெதர்' என்றால் இளம்பழுப்பு நிறத் தோல். சந்தேகம் வந்தால் நிறத் துண்டு அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சாயத்துக்கு அனுப்புங்கள்.