அந்த நிறங்கள் பொய்யா?

அன்புள்ள சார்,

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படங்களை ரொம்ப நாளாக போனில் சேர்த்து வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு பைனாகுலர் வாங்கி, மகளை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைக் காட்டினேன். சாம்பல் நிறத்தில் ஒரு கறை, அவ்வளவுதான் தெரிந்தது. “படத்துல கலர் அடிச்சிருக்காங்களாப்பா?” என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம். கம்ப்யூட்டரில் நிறம் ஏற்றியதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் மெய்மறந்து நின்றேனா?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. நிறத்தைத் தேர்ந்தெடுப்பது மனிதர்கள்தான், ஆனால் அங்கே இல்லாத ஒன்றை அவர்கள் வரைந்து சேர்ப்பதில்லை. நீங்கள் மெய்மறந்து நின்றது வீண் போகவில்லை.

முதலில் அந்தச் சாம்பல் கறை. இருட்டில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையில் இருக்கும் குச்சி செல்கள். மங்கிய வெளிச்சத்தையும் பிடித்துவிடும், ஆனால் நிறம் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஓரியன் நெபுலாவின் சிவப்பு ஹைட்ரஜனிலிருந்து வருவது, அதன் அலைநீளம் 656 நானோமீட்டர், அந்த இடத்தில் குச்சி செல்கள் கிட்டத்தட்டக் குருடு. அப்புறம், கண் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்காது. பத்தில் ஒரு பங்கு வினாடி, அதற்குள் பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பார்க்கப் போய்விடும். கேமரா காத்திருக்கும். 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் இதே நெபுலாவை முதன்முதலாகப் படம் பிடித்தபோது, வானம் நகர நகரத் தொலைநோக்கியையும் கூடவே நகர்த்தி, 51 நிமிடம் போட்டோ பிளேட்டில் வெளிச்சம் விழவைத்தார். மூன்றே வருடத்தில் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்தில், தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் பதிந்திருந்தன. கம்ப்யூட்டர் வருவதற்கு எவ்வளவோ முன்னால் நடந்தது இது.

சரி, நிறத்துக்கு வருவோம். கழுகு நெபுலாவில், சுமார் 6,500 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ‘படைப்பின் தூண்கள்’ படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1995 ஏப்ரலில் எடுத்தது. கேமரா பதிவு செய்ததெல்லாம் கறுப்பு வெள்ளைதான். வெவ்வேறு ஃபில்டர் போட்டு ஒவ்வொரு தனிமத்தின் ஒளியையும் தனியாகப் பிடித்தார்கள். பிறகு கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்து ஒன்றாகச் சேர்த்தார்கள். உண்மையில் கந்தகம், ஹைட்ரஜன் இரண்டின் ஒளியும் சிவப்பு. அப்படியே விட்டிருந்தால் எது எங்கே இருக்கிறது என்றே புரிந்திருக்காது. அந்தப் படத்தின் ஒரு மூலை படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டுக் கறுப்பாக இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அந்தப் படத்தை எடுத்த கருவிக்குள் இருந்த நான்கு கேமராக்களில் ஒன்று மட்டும் சின்ன இடத்தைப் பெரிதாக்கி எடுத்தது. மற்ற மூன்றோடு பொருத்த அதைச் சுருக்கியபோது மிச்ச இடம் காலியாகிவிட்டது. அழகுக்காக இட்டுக்கட்டுகிறவர்கள் முதலில் அந்த மூலையைத்தான் நிரப்பியிருப்பார்கள். இவர்கள் அதைக் காலியாகவே விட்டு வெளியிட்டார்கள். எனக்கு அந்தக் கறுப்பு மூலையின் மேல் தனி மரியாதை உண்டு.

வெப் எடுப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு, நம் கண்ணுக்கு எட்டவே எட்டாது. நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று வரிசை மாறாமல் நமக்குத் தெரிகிற நிறங்களுக்குக் கொண்டுவருகிறார்கள். ஐந்து கட்டையில் பாடியதை ஒன்றரைக் கட்டையில் பாடினாலும் ராகம் அதேதானே, அப்படி.

ஒன்றில் மட்டும் உங்கள் சந்தேகத்தோடு முழுக்கச் சேர்ந்துகொள்கிறேன். ஒரு ஊர்க் கோபுரத்துக்கு மேல் வேறு ஊரில் எடுத்த பால்வீதியை ஒட்டி, மலை அளவுக்கு நிலாவையும் வைத்து, ஒரே ஷாட்டில் எடுத்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது ஏமாற்றுவேலை. ராத்திரி முழுக்கக் குளிரில் உட்கார்ந்து படமெடுக்கிறவர்களுக்கு அது செய்கிற அநியாயம் கொஞ்சமல்ல.

மகளிடம் அந்தக் கறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். அவள் கண்ணில் விழுந்த ஒளி அங்கிருந்து கிளம்பி 1,300 வருடத்துக்கு மேல் ஆகிறது. காஞ்சிபுரத்தில் அப்போது பல்லவர் ஆட்சி. போன் திரையில் தெரிவது திரையின் வெளிச்சம், மாடியில் அவள் பார்த்தது அந்த நெபுலாவின் வெளிச்சமேதான். முடிந்தால் யாரிடமாவது சின்னத் தொலைநோக்கி ஒன்று கேட்டு வாங்கி, கறையின் நடுவில் பார்க்கச் சொல்லுங்கள். நெருக்கமாக நான்கு நட்சத்திரங்கள் தெரியும். அவற்றில் மிகப் பிரகாசமானதுதான் சுற்றியுள்ள வாயுவைப் பெருமளவு ஒளிரவைப்பது. நீண்ட நேரம் எடுத்த படங்களில் பெரும்பாலும் அந்த இடம் வெளிச்சம் மிஞ்சி வெளுத்துப்போய், நான்கையும் பிரித்துப் பார்க்க முடியாது. அவள் கண்ணுக்கு அவை தனித்தனியாகத் தெரியும்.